தண்ணிக்கு எதிர்ப்பக்கம் வீடு

நான் முதன்முதலாக எழுத்துக்கூட்டிப் படித்து முடித்தது ஒரு கொலையை. முழுக் கொலை இல்லை, பாதி. எங்கள் மளிகைக் கடைக்காரர் பழைய தினசரியைக் குறுக்கே கிழித்துத்தான் பருப்பு மடிப்பார். எங்களுக்கு வந்த பாதியில் கிணற்றடியில் செருப்பு கிடந்தது, நாய் குரைத்தது, அக்கம்பக்கத்தார் ஓடிவந்தார்கள். செத்தது யார், செய்தது யார் என்பதெல்லாம் வேறு யார் வீட்டு உளுந்தோடோ போய்விட்டது. அம்மாவிடம் கேட்டேன். உள்ள வரைக்கும் தப்பில்லாமல் படித்தாயா, அதைச் சொல்லு என்றாள். என்னைப் பொறுத்தவரை அந்தக் கொலைகாரன் இன்னும் வெளியில்தான் திரிகிறான்.

பொட்டலம்தான் எங்கள் வாசகப் புத்தகம். கணக்குக்குப் படியும் உழக்கும். பின்னத்துக்கு அப்பாவின் வேட்டி. பாதியாக மடி, கால்வாசியாக மடி, அதிலும் பாதியாக மடி என்று அம்மா சொல்லச் சொல்ல மடிப்போம். பாடம் முடியும்போது துவைத்த துணியெல்லாம் பெட்டிக்குள் போயிருக்கும். எழுதிப் பழகக் கோலமாவு. நான் வாசலில் போட்ட 'ழ'வைப் பார்த்துவிட்டுப் பால்காரர் இது எந்த ஊர்க் கோலம் என்று மரியாதையாக விசாரித்தார். அம்மா சிரிக்கவில்லை. அழித்துவிட்டு மறுபடி போடச் சொன்னாள்.

எழுபதுகளின் கடைசி அது. எனக்கு ஏழு வயது, தங்கைக்கு ஐந்து. என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க இருந்த வருஷம் மூச்சிழுப்பு வந்துவிட்டது. ஒரு மழைக்காலம் வீட்டில் வைத்திருங்கள் என்றார் காரைக்கால் டாக்டர். அம்மா அந்த ஒரு மழைக்காலத்தை மெல்ல நீட்டி இரண்டு வருஷமாக்கினாள். அவள் பதினொன்றாவது வரை படித்தவள். மேலே படிக்க ஆசைப்பட்டு, படிக்க விடாமல், மேற்கே மாயவரத்துக்கும் அப்பாலிருந்து கோட்டுச்சேரிப் பக்கம் எங்கள் அப்பாவுக்குக் கட்டிக் கொடுக்கப்பட்டவள். படித்த படிப்பை இறக்கிவைக்க அவளுக்கு இரண்டு தலைகள் கிடைத்தன. அதில் ஒன்று என்னுடையது என்பது அவள் துரதிர்ஷ்டம்.

அப்பா கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸில் கிளார்க். வீட்டுப் படிப்பில் அவருக்கு நம்பிக்கை கிடையாது. சம்பளம் வாங்குகிறவன் பிள்ளை பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்கவில்லை என்று ஆபீஸில் கேலி பண்ணுகிறார்கள் என்பார். கடைசியில் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே தீர்ப்பைச் சொன்னார். தை பிறக்கட்டும், அதுவரைக்கும் பார்ப்பேன். இதுகள் யார் துணையும் இல்லாமல் ஒரு காரியத்தை உருப்படியாகச் செய்துகாட்டினால் நீயே சொல்லிக்கொடு. இல்லையென்றால் இரண்டு பேரையும் பள்ளிக்கூடத்தில் தள்ளிவிட்டு வருவேன். என்ன காரியம் என்று அம்மா கேட்டாள். எங்க அக்கா வீடு வரைக்கும் தனியாகப் போய்த் திரும்பட்டுமே என்றார். அத்தை வீடு எங்களுக்குக் கிழக்கே, வாய்க்கால் கரையோடு போய், ஒரு வரப்பில் திரும்பி நடக்கிற தூரம். அதற்கும் கிழக்கே போனால் கோட்டுச்சேரிமேடு, அதற்கப்புறம் கடல்.

அம்மா சரியென்று சொல்லவில்லை. ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. அந்த வீட்டில் பரீட்சை எழுதப்போவது அவள், பேனா நான்.

அது கார்த்திகை மாதம். நல்ல மழை பெய்து ஓய்ந்து, வயலெல்லாம் வெள்ளம் நின்றது. புயல் ஒன்று கிளம்பியிருக்கிறது, ஆனால் வடக்கே ஆந்திரா பக்கம் போகிறது என்று ரேடியோவில் சொன்னதாக அப்பா சொல்லிவிட்டு ஆபீஸுக்குப் போனார். அன்றைக்குக் காற்று அசையவில்லை. கொடியில் போட்ட துணி சுவரில் ஆணியடித்த மாதிரி நின்றது. கொல்லைப்புறத்தில் நண்டுகள் வளையைவிட்டு வெளியே வந்து, ஒன்றின்மேல் ஒன்றாக எங்கள் வீட்டுப் படியில் ஏறிக்கொண்டிருந்தன. அம்மா அதையும் விடவில்லை. எத்தனை ஏறுது, எத்தனை இறங்குது, மிச்சம் எத்தனை சொல்லு என்றாள். நான் ஏறியதை எண்ணினேன். இறங்கியதை எண்ணலாம் என்று காத்திருந்தேன். ஒன்றுகூட இறங்கவில்லை. கழித்தல் வராத கணக்கு என்று எனக்கு ஒரே சந்தோஷம். தங்கை மட்டும், அதுங்க எதுக்கும்மா நம்ம வீட்டுக்கு வருது என்று கேட்டாள். அம்மாவும் குனிந்து பார்த்தாள். அவள் பிறந்த ஊரில் நண்டு வயலில் இருக்கும், அல்லது குழம்பில் இருக்கும். படியேறி வந்து பார்த்ததில்லை.

அத்தையிடம் நெல் அளக்க வாங்கிய மரக்கால் ஒன்று வீட்டில் கிடந்தது. அதைக் கொடுத்துவிட்டு வாருங்கள் என்றாள். வாசலில் நிறுத்தி என்னிடம் பாடத்தை ஒருதரம் ஒப்பிக்கச் சொன்னாள். மற்ற ஊர்ப் பிள்ளைகள் சூரியனைப் பார்த்துத் திசை படிப்பார்கள். எங்கள் பக்கம் மழைக்காலத்தில் சூரியன் சொல்லாமல் லீவு போட்டுவிடும். அதனால் அம்மா வாய்க்காலை வைத்துத்தான் திசை சொல்லிக்கொடுத்திருந்தாள். நான் நெஞ்சை நிமிர்த்தி ஒப்பித்தேன்.

"தண்ணி போற பக்கம் கெழக்கு. தண்ணிக்கு எதிர்த்தாப்ல நடந்தா வீடு."

"எங்க இருந்தாலும்?"

"எங்க இருந்தாலும்."

போகும்போது ஒரு தொல்லையும் இல்லை. வெங்காயத்தாமரை எங்களோடு கிழக்கே மிதந்து வந்தது. நான் மரக்காலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு போனேன். தலை உள்ளே நன்றாகப் பொருந்தியதை இங்கே ஒத்துக்கொள்கிறேன். இரண்டிலும் உள்ளே ஒன்றும் இல்லை. அத்தை எங்களைப் பார்த்து, தனியாவா அனுப்பினா உங்கம்மா என்று வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்தாள். கார்த்திகைக்குச் செய்த நெல்பொரி உருண்டையை ஒரு துணியில் முடிந்து கொடுத்து, எங்கேயும் நிற்காமல் ஓடுங்கள் என்றாள். எங்கேயோ தூரத்தில் பாரவண்டி போகிற மாதிரி ஒரு சத்தம் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. என்ன சத்தம் அத்தை என்று தங்கை கேட்டாள். கடல்தான், ஆனா இங்கெல்லாம் கேக்காதே என்றாள் அத்தை.

வாய்க்கால் கரையில் ஏறிக் கொஞ்ச தூரம்தான் வந்திருப்போம். பின்னாலிருந்து மழை வந்தது. தூறலாக ஆரம்பித்து வலுக்கிற மழை இல்லை. ஆள் வந்து முதுகில் கைவைத்துத் தள்ளுகிற மாதிரி வந்தது. கரையோரம் ஒரு மோட்டார் கொட்டகை, கதவில்லாதது. உள்ளே ஓடினோம். எவ்வளவு நேரம் இருந்தோமோ தெரியாது. கூரைத் தகரம் எழுந்து எழுந்து உட்கார்ந்தது. மூலையில் ஒரு பாம்பும் ஒதுங்கியிருந்தது. அது எங்களைப் பார்த்துப் பயப்படவில்லை, அசையக்கூட இல்லை. எங்களைவிடப் பெரிய பயம் அதற்கு வெளியில் இருந்திருக்க வேண்டும். தங்கை என் பங்குப் பொரி உருண்டையையும் சேர்த்துத் தின்று முடித்தாள். பாம்பைப் பார்த்த பிறகு எனக்குப் பசியில்லை என்று நான்தான் பெருந்தன்மையாகச் சொல்லியிருந்தேன்.

மழை சற்றுக் குறைந்ததும் வெளியே வந்தோம். உலகம் காணாமல் போயிருந்தது. வயல் இல்லை, வரப்பு இல்லை. இரண்டு பக்கமும் ஒரே சாம்பல் நிறத் தண்ணீர், நடுவே கரை, கரையோடு வாய்க்கால். இந்தப் பக்கம் பார்த்தாலும் அந்தப் பக்கம் பார்த்தாலும் ஒன்றுபோலவே இருந்தது. தங்கை ஒரு பக்கம் கையைக் காட்டி, வீடு இப்படித்தான் என்றாள். எப்படித் தெரியும் என்று கேட்டேன். நாம வரும்போது மழை முதுகுல அடிச்சுதுல்ல, அப்படியே போனா வீடு என்றாள். ஐந்து வயதுப் பேச்சு என்று நினைத்துக்கொண்டேன். நான் படித்தவன். வாய்க்காலைப் பார்த்தேன். வெங்காயத்தாமரை அவள் காட்டிய பக்கமாக வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. தண்ணி போற பக்கம் கிழக்கு. எதிர்த்தாப்ல நடந்தா வீடு. அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு எதிர்ப்பக்கமாக நடந்தேன்.

அத்தை வீட்டுக்குத் திரும்புகிற வரப்பு தண்ணீருக்குள் போயிருந்ததால் அதைத் தாண்டியதே எங்களுக்குத் தெரியவில்லை. காற்று இப்போது முகத்தில் அறைந்தது. கொஞ்ச தூரத்தில் காலடியில் களிமண் போய் மணல் வந்தது. எங்க ஊர்ல ஏது மணல் என்று தங்கை கேட்டாள். அப்பா ஆபீஸ்லேர்ந்து புதுசா கொட்டியிருக்காங்க என்றேன். அப்பா ஆபீஸ் அவ்வளவு சீக்கிரம் எதையும் செய்யாது என்பது எனக்கே தெரியும். பிறகு வரிசையாகச் சவுக்கு மரங்கள் வந்தன. ஒரே பக்கமாகக் குனிந்து நின்றன. நம்ம வழியில சவுக்கு இல்லையே என்றாள். மழையில் எல்லா மரமும் அப்படித்தான் தெரியும் என்றேன். பாரவண்டிச் சத்தம் இப்போது பக்கத்தில் கேட்டது. அதற்கும் ஏதோ ஒரு காரணம் வைத்திருந்தேன். என்ன காரணம் என்பது மறந்துவிட்டது. நல்ல காரணமாகத்தான் இருந்திருக்கும்.

பொரி உருண்டையின் தாகம் தங்கைக்கு அப்போது வந்தது. கரையில் குந்தி வாய்க்கால் தண்ணீரைக் கையில் அள்ளினாள். வாயில் வைத்ததும் துப்பினாள்.

"உப்புக் கரிக்குது."

உருண்டையில அத்தை உப்பு போட்டிருப்பாங்க என்றேன்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்த இடத்திலேயே காலை நீட்டி உட்கார்ந்துவிட்டாள். வா என்றேன், வரவில்லை. இழுத்தேன், கடித்தாள். அம்மா சொன்னதை நீ கேட்கமாட்டியா, வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொல்வேன் என்று மிரட்டினேன். சொல்லு போ என்றாள். அவளை விட்டுவிட்டுப் போகிற மாதிரி கொஞ்சம் நடந்து காட்டினேன். திரும்பிப் பார்த்தால் அங்கேயே இருந்தாள், என்னைப் பார்க்காமல், வாய்க்காலைப் பார்த்தபடி. கரைக்கும் தண்ணீருக்கும் இடையில் கையளவு இடைவெளிதான் மிச்சம் இருந்தது. அதுவும் குறைந்துகொண்டே வந்தது. எனக்குப் பாடத்தின் மேல் நம்பிக்கை குறையவில்லை. கால்தான் மேலே போக மறுத்தது. திரும்பி வந்து அவள் பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன். கால் வலிக்கிறது, அதனால் என்றேன். அவள் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன்.

சவுக்குக்குள்ளிருந்து ஆட்கள் வந்தார்கள். கோட்டுச்சேரிமேட்டுக் குடும்பங்கள், தலையில் மூட்டை, அலுமினியப் பானை, கையில் பிள்ளை. முன்னால் வந்த அம்மாள் அக்குளில் ஒரு கோழியை இடுக்கியிருந்தாள். எங்களைப் பார்த்து நின்றாள்.

"எந்த ஊட்டுப் புள்ளைவ நீங்க? எங்க போறீங்க?"

"வீட்டுக்கு."

"ஊடு என்ன கடலுக்குள்ளயா இருக்கு?"

நான் பாடத்தை ஒப்பித்தேன். இன்றைக்கும் நினைத்தால் காது சூடாகிறது. அந்த அவசரத்திலும், தண்ணி போற பக்கம் கெழக்குங்க என்று ஆரம்பித்து, ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அவள் முழுக்கக் கேட்கவில்லை. கோழியை என் கையில் திணித்தாள், தங்கையைத் தூக்கி இடுப்பில் வைத்தாள், என் காதைப் பிடித்துத் திருப்பினாள். பின்னால பாக்காத, நட என்றாள். பார்த்தேன். மரங்களுக்கு இடையில், தரை இருக்க வேண்டிய உயரத்தில் தரை இல்லை. வெள்ளையாக ஒரு கோடு நீளத்துக்கு நின்றது. அது நுரை என்று பிறகு சொன்னார்கள். அப்போது எனக்குப் பெயர் தெரியவில்லை. பெயர் தெரியாததை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

எல்லோரையும் கோட்டுச்சேரியில் பள்ளிக்கூடத்தில் தங்கவைத்தார்கள். அப்பா அங்கே இருந்தார். கட்டிடத்தைத் திறந்து ஆட்களை உள்ளே விடச் சொல்லி ஆபீஸில் அவரைத்தான் அனுப்பியிருந்தார்கள். வகுப்புக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவர், கோழியோடு வருகிறவனைப் பார்த்தார். அது தன் மகன் என்று தெரிய அவருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பள்ளிக்கூடத்து வாசலை ஒருவழியாக மிதித்துவிட்டேன் அப்பா என்று சொல்லலாம் போலிருந்தது. அவர் முகம் சொல்லவிடவில்லை. தங்கையை வாங்கிக்கொண்டார். எங்கே பிடித்தீர்கள் என்று அந்த அம்மாளிடம் கேட்டார். அவள் சொன்னாள். அவர் அடித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். சுவரில் சாய்ந்தார், அவ்வளவுதான். பிறகு, உங்க அம்மா எங்க என்று என்னைக் கேட்டார். எனக்கு என்ன தெரியும்.

அது தெரியாமல் இருந்த பொழுதுதான் அன்றைக்கு நீளமானது. அப்பா ஒரு ஆளை எங்கள் வீட்டுக்கு அனுப்பினார். வீடு திறந்து கிடக்கிறது, யாரும் இல்லை என்று வந்து சொன்னார். அடுப்பில் பருப்பு கருகிக்கொண்டிருந்ததாம், இறக்கிவைத்துவிட்டு வந்தாராம்.

இருட்டுகிற நேரத்தில் அம்மா வந்தாள், கிழக்கிலிருந்து. இடுப்புவரை மணல். இரண்டு மீனவர்கள் அவளைப் பிடித்துக் கூட்டிவந்தார்கள். வாய்க்கால் மதகு ஷட்டருக்கு அந்தப் பக்கம் போகிறேன் என்று மல்லுக்கட்டினாள், நாங்கதான் விடவில்லை என்றார்கள். அவர்கள்தான் அப்பாவிடம் விவரமும் சொன்னார்கள். வெயில் காலத்தில் உப்பு ஏறாமல் இருக்கக் கடல் முகத்தில் ஷட்டரை இறக்கி வைப்பார்கள். மழையில் வெள்ளம் வடியத் தூக்கிவிடுவார்கள். அன்றைக்கும் தூக்கியிருந்தது. காற்று கடலை அதன் வழியாக வாய்க்காலுக்குள் தள்ளிவிட்டது. கடைமடையில் எப்போதாவது இப்படி நடக்கும், இங்கே பிறந்தவர்களுக்குத் தெரியும் என்றார்கள். அம்மா இங்கே பிறந்தவள் இல்லை.

அம்மா எங்களைத் தொட்டுப் பார்த்தாள், தலை, கை, கால் என்று ஒவ்வொன்றாக. அப்பா ஏன் கிழக்கே போனாய் என்று கேட்டார். பிள்ளைகள் வீட்டுக்கு வருகிற வழியில் அல்லவா தேடியிருக்க வேண்டும்.

"ஒங்க அக்கா வீட்டுல கெளம்பிட்டாங்கன்னாங்க. வாய்க்காலைப் பாத்தேன், தண்ணி மேற்க போவுது. இவன் நான் சொன்னத மீற மாட்டான். அதான் கடல் பக்கம் போனேன்."

அப்பா ஒரு துண்டை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"சொன்னதெல்லாம் நம்பிடுதுங்க," என்றாள் அம்மா. "மழை நின்னதும் இங்கயே சேத்துடுங்க."

அப்பாவுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. அவர் ஜெயித்த மாதிரி தெரியவில்லை. அவசரப்படாதே, தை வரைக்கும் என்றுதானே பேச்சு என்றார். அவள் கேட்டுக்கொள்ளவில்லை.

அப்படி நாங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளானோம். அங்கே நான் பெரிய அறிவாளி என்று பெயர் வாங்கினேன், சொன்னதை அப்படியே ஒப்பிப்பதால். வீட்டில்தான் ஏதோ கெட்டுப்போயிருந்தது. அம்மா சமைத்தாள், துவைத்தாள், வேட்டியைத் தானே மடித்துப் பெட்டியில் வைத்தாள். பொட்டலத்தைப் பிரித்தால் தாளைக் கசக்கி அடுப்பில் போட்டாள். மழை வருமா என்று கேட்டால்கூடத் தெரியவில்லை என்றாள், கருமேகம் தலைக்குமேல் நிற்கும்போதும். வாய்க்கால் பக்கம் போகிற நாட்களில் நின்று தண்ணீரைப் பார்ப்பாள், யாரோ ஒரு பொய்யரைப் பார்க்கிற மாதிரி. கணக்கில் சந்தேகம் கேட்டால் சாரிடம் கேட்டுக்கொள் என்பாள். ஒருநாள் வேண்டுமென்றே அவள் கண்ணில் படும்படி சிலேட்டில் தப்புத்தப்பாகப் போட்டுவைத்தேன். நான் போடுகிற தப்புக்கும் வேண்டுமென்றே போடுகிற தப்புக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது, அதனால் அவளுக்குப் புரிந்ததா தெரியவில்லை. பார்த்தாள். உதடு அசைந்தது. எழுந்து உள்ளே போய்விட்டாள். அப்பாகூட மெதுவாகச் சொல்லிப் பார்த்தார், பிள்ளைகளைக் கொஞ்சம் பாரேன் என்று. பிள்ளைகள் உயிரோடு இருக்கின்றன, அது போதும் என்று பதில் வந்தது.

தை பிறந்து பொங்கலும் போயிற்று. அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். தங்கை சிலேட்டோடு போய் அவள் எதிரில் நின்றாள். பள்ளிக்கூடத்தில் கழித்தல் தொடங்கியிருந்தார்கள். எனக்கு வரல, நீ சொல்லு என்றாள். சாரைக் கேள் என்றாள் அம்மா, முறத்திலிருந்து கண்ணெடுக்காமல். சார் சொன்னார், புரியல, நீ சொல்லு. எனக்குத் தெரியாது போ. தங்கை போகவில்லை.

"சொல்லும்மா. தப்பா இருந்தா அன்னிக்குக் கரையில உக்காந்த மாதிரி நான் உக்காந்துக்கறேன்."

முறம் நின்றது. நான் சிரித்துவிட்டேன், சிரித்திருக்கக் கூடாது. அம்மா சிரிக்கவில்லை. தங்கையை வெகுநேரம் பார்த்தாள், பயத்தோடு என்றுகூடச் சொல்லலாம். பிறகு முறத்திலிருந்து ஒரு பிடி அரிசியை அள்ளித் தரையில் வைத்தாள்.

"இதுல கொஞ்சம் எடு," என்றாள். "எடுத்துட்டு என்ன மிச்சம் இருக்குன்னு நீயே எண்ணு. நான் சொல்ல மாட்டேன்."

தங்கை எண்ண ஆரம்பித்தாள். நானும் போய் உட்கார்ந்தேன். எனக்கும் அவளுக்கும் வேறு வேறு விடை வந்தது. அம்மா யார் பக்கமும் பேசவில்லை. மறுபடி எண்ணுங்கள் என்றாள்.